ஐந்நூற்றில் ஒன்று

சேசு மரி சூசை
கிளமெண்டி, சிங்கப்பூர்
23 ஏப்ரல் 1984

அன்புள்ள உர்சுலா அக்காவுக்கு,

தம்பி அற்புதராஜ் எழுதுவது. உயிர்த்த ஞாயிறு நல்லபடியாக முடிந்தது. தோள்வலியைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. மைக்ரோஸ்கோப்பை விட்டு எழுந்தால் உங்கள் தலைவலி போய்விடும் என்று டாக்டர் சொன்னாராமே, எழுந்தீர்களா?

தோள்வலிக்குக் காரணம் கேட்டால் சந்தோஷப்படுவீர்கள். பெரிய வெள்ளியன்று ஓஃபிர் ரோடு லூர்து மாதா கோவிலில் ஆண்டவரின் சுரூபம் வைத்த ஆசந்திப் பாடையைத் தூக்கினேன். இடதுபக்க முன்கொம்பு. அப்பா தூக்கிய அதே இடம். மதியம் போனவன் ராத்திரி வரை கோவிலிலேயே இருந்தேன். யார்டில் ஒரு எண்ணெய்க் கப்பல் அவசர ரிப்பேருக்கு வந்து, எல்லாருடைய லீவும் ரத்து. எனக்கு மட்டும் எப்படிக் கிடைத்தது என்று கேட்காதீர்கள். கோவில் காரியத்துக்கு வழி திறந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஜோசபின் வீட்டிலிருந்து கேக் வந்தது. என்னோடு வேலை செய்யும் அஹமது கபீருக்கு வயிறு சரியில்லை, இரண்டு நாளாக வாந்தி, அதனால் அவன் பங்கையும் நானே சாப்பிட்டேன். எனக்கும் ஜோசபினுக்கும் செப்டம்பரில் கல்யாணம். ஒரு மாதத்துக்கு முன்பே வந்துவிட வேண்டும். வேலை, ஸ்லைடு என்று சாக்குச் சொன்னால் ஆசந்தி தூக்கியதுபோல் உங்களையும் தூக்கி வருவேன்.

அன்புத் தம்பி
ராஜு

*

சென்னை
3 மே 1984

அன்புத் தம்பி ராஜுவுக்கு,

அக்கா எழுதுவது. தலைவலி இருக்கிறது, மைக்ரோஸ்கோப்பும் இருக்கிறது. இரண்டுக்கும் பழகிவிட்டது. உன் தோளுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. அப்பா பெருமைப்பட்டிருப்பார். நான் ஆபீஸ் பஸ்ஸில் உன் கடிதத்தைப் படித்து அழுதுவிட்டேன், பக்கத்துச் சீட்டுக்காரர் யாரோ இறந்துவிட்டார்கள் என்று நினைத்து எழுந்து இடம் விட்டார்.

இங்கே வெயில் கொளுத்துகிறது. என் வேலை எண்ணுவது, எண்ணுவது, மறுபடியும் எண்ணுவது. ஒருவருடைய வெள்ளை அணுக்களை எடுத்து இரண்டு நாள் வளர்ப்போம். ஒவ்வொரு செல்லிலும் நாற்பத்தாறு குரோமோசோம். ஒவ்வொன்றுக்கும் ஓர் இடுப்பு உண்டு. கதிர்வீச்சு பட்டால் அவை உடைந்து, உடைந்த துண்டுகள் தப்பும் தவறுமாக ஒட்டிக்கொண்டு, இரண்டு இடுப்போடு ஒன்று உருவாகும். சாதாரண மனிதனிடம் ஆயிரம் செல்லைப் பார்த்தால் அப்படி ஒன்று கிடைக்கும். புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை எடுத்தவர்களிடம் நிறைய இருக்கும். எவ்வளவு இருக்கிறது என்று எண்ணி, உடம்பு எவ்வளவு வாங்கியது என்று கணிப்போம். இதற்குத்தான் அரசாங்கம் எனக்குச் சம்பளம் கொடுக்கிறது.

ஆகஸ்டில் வருகிறேன். தூக்க வேண்டாம், நானே நடந்து வருவேன். கபீருக்கு வயிறு சரியாயிற்றா? ஜோசபினுக்கு என் முத்தங்கள்.

அக்கா
உர்சுலா

*

கிளமெண்டி
17 மே 1984

அன்புள்ள அக்கா,

உங்கள் நலத்துக்கு வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். என் நலம் பற்றி என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

கப்பலின் வெல்டிங்கில் விரிசல் உண்டா என்று கதிர்வீச்சால் படம் எடுப்பதுதான் என் வேலை, உங்களுக்குத் தெரியும். மிளகளவு உலோகத் துண்டு ஒன்று கனத்த பெட்டிக்குள் இருக்கும். அந்தப் பெட்டியைக் கேமரா என்போம். தூரத்தில் நின்று கைப்பிடியைச் சுற்றினால் துண்டு ஒரு குழாய் வழியாக வெளியே போகும், திருப்பிச் சுற்றினால் உள்ளே வரும். நாங்கள் வாங்கும் கதிர்வீச்சை அளக்கச் சட்டையில் ஒரு ஃபிலிம் பேட்ஜ் குத்தியிருப்போம். மாதக் கடைசியில் அது சோதனைக்குப் போகும். வருடத்துக்கு ஐந்து ரெம் வரை அனுமதி. ஏப்ரல் மாதத்து என் பேட்ஜில் இருநூற்றிருபது ரெம்.

உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். ரத்தத்தில் ஒரு குறையும் இல்லை. டாக்டர் இரண்டு முறை எடுத்துப் பார்த்துவிட்டுத் தோளைக் குலுக்கினார். மேனேஜர் அழகப்பன் எல்லார் முன்னாலும் கேட்டார்: "என்ன அற்புதராஜ், பேட்ஜைக் கேமரா மேல வச்சுட்டுப் போய்ட்டியா? காம்பென்சேஷன் பாக்கறியா லா?" இப்போது என்னை ஸ்டோரில் உட்கார வைத்திருக்கிறார்கள். கேமராவைப் பத்து முறை இயக்கிப் பார்த்து, பழுதில்லை என்று எழுதிவிட்டார்கள்.

ஜோசபினின் அப்பா வந்திருந்தார். "தம்பி, தப்பா நெனைக்காதீங்க, பிள்ளை குட்டி பிறக்குமான்னு டாக்டர்ட்ட கேட்டீங்களா?" என்றார்.

மனம் விட்டுப் பேசக் கபீரும் இங்கே இல்லை. கையில் சுடு எண்ணெய் கொட்டிவிட்டதாம், உடம்பும் தேறவில்லை என்று பத்தாம் தேதி நாகூருக்கே போய்விட்டான். எனக்கு என்ன ஆகும், அக்கா? உண்மையைச் சொல்லுங்கள்.

ராஜு

*

சென்னை
25 மே 1984

அன்புத் தம்பி,

உன் கடிதம் நேற்று வந்தது. நீ சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா? முதலில் இந்த இரண்டையும் செய்.

பயப்படுவதற்கு முன் கணக்குப் போடுவோம். உன் உடம்பில் இந்த வகை வெள்ளை அணுக்கள் சுமார் ஐம்பதாயிரம் கோடி. அதில் ஐந்நூறை மட்டும் நான் பார்ப்பேன், நூறு கோடியில் ஒன்று. இவ்வளவு குறைவாகப் பார்த்து எப்படித் தெரியும் என்று கேட்பாய். ரத்தம் ஓயாமல் சுற்றிச் சுற்றித் தானாகவே கலந்துவிடுகிறது. எங்கே எடுத்தாலும் கிட்டத்தட்ட ஒரே கலவைதான். இருநூற்றிருபது ரெம் உன் உடம்பு முழுவதும் பட்டிருந்தால், ஐந்நூறு செல்லில் நூற்றைம்பதுக்குக் குறையாமல் இரட்டை இடுப்பு இருக்க வேண்டும். படாமலிருந்தால் ஒன்று இருக்கும், அல்லது அதுவும் இருக்காது. நூற்றைம்பதையும் ஒன்றையும் எந்தத் தலைவலியிலும் மாற்றிப் பார்க்க மாட்டேன்.

உன் ஆஸ்பத்திரி டாக்டரிடம் சொல்லி, ரத்தத்தை உறையவிடாத மருந்து தடவிய குழாயில் பத்து மில்லி எடுத்து, விமானத்தில் வருகிற யாரிடமாவது கொடுத்தனுப்பு. ஐஸில் வைக்க வேண்டாம், வெயிலில் வைக்க வேண்டாம். இரண்டு நாளுக்குள் என் கைக்கு வர வேண்டும்.

இன்னொன்று. ஏப்ரல் மாதம் முழுவதும் அந்த பேட்ஜ் எங்கே இருந்தது என்று நாள்வாரியாக நினைவுபடுத்தி எழுது. கழற்றி எங்காவது வைத்தாயா, மறந்தாயா? யாரும் உன்னைத் திட்டப் போவதில்லை. அது தெரியாமல் என் எண்ணுக்கு அர்த்தம் கிடையாது.

அக்கா

*

கிளமெண்டி
1 ஜூன் 1984

அன்புள்ள அக்கா,

நலம். உங்கள் உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

கோவில் பாடகர் குழுவில் இருக்கும் அருள்ஜோதி இன்று மாலை விமானத்தில் வருகிறார். ரத்தக் குழாயைத் தம் கைப்பையில் பஞ்சு சுற்றி வைத்திருக்கிறார். இந்தக் கடிதமும் அவரிடம்தான். "குழந்தைய மாதிரி பாத்துக்கறேன், கவலைப்படாதீங்க" என்றார்.

பேட்ஜ் எப்போதும் என் பெயரில்தான் எடுக்கப்பட்டது. யார்டில் ஒரு பலகை இருக்கிறது, அதில் எல்லார் பேட்ஜும் தொங்கும். வேலைக்கு வருகிறவர் எடுத்துக் குத்திக்கொள்வார், போகும்போது திரும்ப மாட்டுவார். யாருடைய பேட்ஜ் பலகையில் இல்லையோ அவர் வேலையில் இருக்கிறார் என்று பதிவு. ஏப்ரலில் என் பேட்ஜ் எடுக்காத நாள் ஞாயிறு மட்டுமே.

எண்ணி முடித்ததும் எழுதுங்கள். எவ்வளவு வந்தாலும் மறைக்காதீர்கள். நான் தினமும் ஜெபம் செய்துகொண்டிருக்கிறேன்.

ராஜு

*

சென்னை
15 ஜூன் 1984

என் தங்கத் தம்பி,

ஒன்று! ஐந்நூறு செல்லில் ஒன்றே ஒன்று!

நம்பாமல் இன்னொரு ஐந்நூறு எண்ணினேன். அதிலும் ஒன்று. பக்கத்து மேசைப் பெண்ணிடம் யாருடையது என்று சொல்லாமல் ஸ்லைடைக் கொடுத்தேன், அவளுக்கும் அதே எண்ணிக்கை. உன் உடம்பு அந்த இருநூற்றிருபதை வாங்கவே இல்லை. ஜோசபினின் அப்பாவிடம் போய்ச் சொல், பேரப்பிள்ளைகளுக்கு இப்போதே பெயர் தேடட்டும். நான் லேபில் எல்லாருக்கும் ஜாங்கிரி வாங்கிக் கொடுத்தேன்.

இனி கவனமாகப் படி. நீ வாங்கவில்லை, பேட்ஜ் வாங்கியிருக்கிறது. பேட்ஜ் மட்டும் தனியாகக் கேமரா பக்கத்தில் கிடந்தது என்றால் உன் மேனேஜர் சொல்வது சரி. உன்னை எனக்குத் தெரியும், நீ அதைச் செய்ய மாட்டாய். அப்படியானால் அதை வேறு யாரோ குத்தியிருந்தார். "என் பெயரில்தான் எடுக்கப்பட்டது" என்று எழுதியிருக்கிறாய். நான்தான் எடுத்தேன் என்று எழுதவில்லை. யார் அவர்?

அவர் உடம்பில் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். நம் எலும்பு மஜ்ஜை கிருமியை எதிர்க்கும் அணுக்களை ஒரு நாளைக்குப் பத்தாயிரம் கோடி தயாரிக்கிறது. அவை சில நாள்தான் வாழும். இருநூறு ரெம் பட்டால் தயாரிப்பு படுத்துவிடும், கையிருப்பு தீரும், ஐந்தாறு வாரத்தில் அடிமட்டம். ஏப்ரலில் பட்டிருந்தால் அந்தக் கட்டம் முடிந்திருக்கும். அவர் தப்பியிருந்தால் ரத்தம் மெதுவாகத் திரும்பும்.

எனக்குப் பயம் அவர் கையைப் பற்றி. துண்டு முழுதாகப் பெட்டிக்குள் திரும்பாமல் குழாயிலேயே நின்று, அதை அறியாமல் அவர் குழாயைப் பிடித்து ஃபிலிம் மாற்றியிருந்தால், நெஞ்சுக்கும் துண்டுக்கும் அரை மீட்டர், விரலுக்கும் துண்டுக்கும் அதில் பத்தில் ஒரு பங்கு. தூரம் பத்தில் ஒன்றானால் கதிர்வீச்சு நூறு மடங்கு. பார்க்கச் சுட்ட புண் மாதிரியே இருக்கும், ஆனால் ஆறாது. ஆறுவதுபோல் காட்டி உள்ளே அழுகும், மேலே ஏறும். விஷயம் தெரிந்த டாக்டர் சீக்கிரம் பார்த்தால் காப்பாற்றக் கூடியதைக் காப்பாற்றலாம். ஒவ்வொரு வாரமும் முக்கியம், ராஜு. பெயரை எழுது.

அக்கா

*

சென்னை
4 ஜூலை 1984

ராஜு,

நீ நலமா என்று கேட்கக்கூட எனக்குப் பொறுமை இல்லை. என் கடிதம் போய்ப் பத்து நாளாவது ஆகியிருக்கும். பதில் இல்லை.

உன் ஈஸ்டர் கடிதத்தை இன்று மறுபடி எடுத்துப் படித்தேன். பெரிய வெள்ளியன்று ராத்திரி வரை கோவிலில் இருந்தாய். அன்றைக்கும் உன் பேட்ஜ் பலகையில் இல்லை, ஏனென்றால் ஞாயிறு தவிர எடுக்காத நாளே இல்லை என்று நீயே எழுதினாய். கபீருக்கு இரண்டு நாள் வாந்தி. பிறகு கையில் எண்ணெய். பிறகு ஊர்.

கபீர்தானே?

நாகூரில் எந்தத் தெரு, என்ன விலாசம் என்று மட்டும் எழுது. தந்தி கொடுத்தாலும் சரி.

அக்கா

*

கிளமெண்டி
11 ஜூலை 1984

அன்புள்ள அக்கா,

கபீர்தான். விலாசத்தைக் காலையில் தந்தியில் அனுப்பிவிட்டேன். மற்றதை இதில் எழுதுகிறேன்.

ஹரிராயா நோன்புப் பெருநாளுக்கு நான் அவன் பெயரில் வேலை செய்வேன், பெரிய வெள்ளிக்கு அவன் என் பெயரில் செய்வான். நான்கு வருடமாக இப்படித்தான். லீவு கேட்டால் கிடைக்காது, பேட்ஜை மாற்றிக்கொண்டால் ஒருவரும் பார்ப்பதில்லை. அன்றைக்கு அவன் ஷிப்ட் முடிந்து தன் பேட்ஜைப் பலகையில் மாட்டியிருந்தான், நான் தயங்கினேன். "போய்ட்டு வாடா ராஜு, உங்க அப்பா தூக்குன இடம்ல? வேற எவனாவது தூக்கிடப் போறான் லா. பேட்ஜைக் குடு" என்று அவனே என் சட்டையிலிருந்து கழற்றிக்கொண்டான். கதிர்வீச்சைக் காட்டும் மீட்டரில் பேட்டரி தீர்ந்திருந்ததாம், கைப்பிடியை முழுதாகச் சுற்றினோம் என்று நம்பிக் கிட்டே போனானாம். இதெல்லாம் பிறகு கடிதத்தில்தான் சொன்னான். அப்போது என்னிடம், வேர்க்கிறது, வயிறு புரட்டுகிறது, வெயில்தான் காரணம் என்றான்.

பேட்ஜ் முடிவு வந்தபோது எனக்குத் தெரியவில்லை, அக்கா. அந்த இருநூற்றிருபது எந்த நாளில் ஏறியது என்று அதில் எழுதியிருக்காது. மற்ற நாளெல்லாம் அது என் நெஞ்சில்தான் இருந்தது. நான் ஜெபம் செய்கிறேன் என்று எழுதினேனே, என்ன ஜெபம் தெரியுமா? அது என் ரத்தத்தில் இருக்க வேண்டும் என்று. நூற்றைம்பதும் என்னிடம் இருந்தால் கபீரிடம் ஒன்றும் இல்லை என்று ஆகுமே. நீங்கள் ஒன்று என்று எழுதி ஜாங்கிரி வாங்கிக் கொடுத்த கடிதத்தைப் படித்துவிட்டு, படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஏன் உடனே எழுதவில்லை? பெயரைச் சொன்னால் அவன் வேலை பெர்மிட் போய்விடும், திரும்பி வரவே முடியாது. அவனைக் கேட்காமல் சொல்லக் கூடாது என்று முதலில் அவனுக்கு எழுதினேன். பதிலுக்குக் காத்திருந்தேன். நோன்பு மாதம், பெருநாள் என்று அது நேற்றுதான் வந்தது. "கை ஆறி வருது. சொல்லித் தொலைக்காதே, உன் கல்யாணம் முடியட்டும்" என்று எழுதியிருக்கிறான். ஆறுவதுபோல் காட்டும் என்று நீங்கள் எழுதியது அப்போதுதான் உறைத்தது.

போய்ப் பாருங்கள், அக்கா.

ராஜு

*

சென்னை
30 ஜூலை 1984

அன்புத் தம்பி,

தந்தி கிடைத்த அன்றே கிளம்பினேன். கபீர் இருக்கிறார். அதை முதலில் தெரிந்துகொள்.

வீட்டுக்குள் நுழையும்போதே வாடை வந்தது. வலது கையைத் துணி சுற்றி, முருங்கையிலை அரைத்துப் பூசியிருந்தார்கள். அவர் மனைவி ஆயிஷா வாசலிலேயே என்னிடம், "எண்ணெ கொட்டிடுச்சுன்னுதான் சொன்னாங்க. மூணு மாசமா எந்த எண்ணெப் புண்ணு இப்படி இருக்கும்?" என்று அழுதார். ஜூன் மாதம் காய்ச்சல் வந்து, டைபாய்டு என்று வைத்தியம் பார்த்திருக்கிறார்கள். அந்த உடம்போடு நோன்பும் பிடித்திருக்கிறார். எப்படிப் பிழைத்தார் என்று எனக்குத் தெரியவில்லை.

என்னைப் பார்த்ததும் அவர் சொன்னது: "அக்கா, நான் அன்னிக்கு பேட்ஜே குத்தல. ராஜு மேல ஒண்ணும் இல்ல." நான், "தம்பி, உங்க ரத்தத்த எண்ணிட்டா பொய் நிக்காது" என்றேன். அதற்குப் பிறகு கையை நீட்டினார்.

இருநூறு செல்தான் கிடைத்தது. அதில் அறுபத்திரண்டு. உன் பேட்ஜ் சொன்னதை ஒட்டியே வருகிறது. நான் எண்ணிக்கொண்டே போனேன், ராஜு, பத்தைத் தாண்டியதும் எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தேன். இவ்வளவு நாள் எண்ணியவர்களில் ஒருவருடைய வீட்டிலும் நான் டீ குடித்ததில்லை.

சென்னைக்கு அழைத்து வந்து இங்கே பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். விரல்களில் உயிர் இல்லை, அழுகல் உள்ளங்கையைத் தாண்டியிருந்தது. இருபத்தாறாம் தேதி மணிக்கட்டோடு எடுத்துவிட்டார்கள். காய்ச்சல் இறங்கிவிட்டது.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

*

கிளமெண்டி
8 ஆகஸ்ட் 1984

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதம் வந்த மறுநாள் காலை யார்டுக்குப் போய் மேனேஜர் அழகப்பனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர், "இதை ஏன்டா அன்னிக்கே சொல்லல?" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அரசாங்கத்திலிருந்து கதிர்வீச்சு அதிகாரிகள் வந்து நாள் முழுவதும் விசாரித்தார்கள். கேமராவைப் பிரித்தார்கள். துண்டைத் தள்ளும் கம்பியின் முனை தேய்ந்திருந்தது, சில சமயம் மட்டும் துண்டை வழியில் விட்டுவிடுமாம். ஜூன் மாதம் முழுவதும் வேறு இரண்டு பேர் அதை இயக்கியிருக்கிறார்கள். அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது கடவுள் செயல், என் செயல் இல்லை. எனக்கு வேலை போய்விட்டது. கபீருக்கு வேலையில் ஏற்பட்ட காயம் என்று பதிவாகியிருக்கிறது, பேட்ஜ் மாற்றியதை அவன் மேல் சுமத்த மாட்டார்கள் என்று அதிகாரி சொன்னார்.

சில கேள்விகள். அவன் ரத்தம் எப்போது பழையபடி ஆகும்? அவனுக்கு இனிப் பிள்ளை பிறக்குமா? பின்னால் புற்றுநோய் வருமா? பெயரைக் கேட்டு நீங்கள் எழுதிய கடிதம் வந்த பிறகு நான் மூன்று வாரம் சும்மா இருந்தேனே, அந்த மூன்று வாரத்தைப் பற்றி ஆபரேஷன் செய்த டாக்டர் என்ன சொன்னார்? அவனுக்கு இடது கையால் எழுத வருமா? ஒவ்வொன்றுக்கும் எண் சொல்லிப் பதில் எழுதுங்கள். எண் இல்லாமல் ஆறுதல் வேண்டாம்.

ராஜு

*

சென்னை
18 ஆகஸ்ட் 1984

அன்புத் தம்பி,

நான் சுகம். கபீர் தேறிவருகிறார், நேற்று வராந்தாவில் நடந்தார்.

கேட்டதற்கு எழுதுகிறேன். வெள்ளை அணுக்கள் ஜூலையில் ஒரு கன மில்லிமீட்டருக்கு இரண்டாயிரத்துக்கும் கீழே இருந்தன. இப்போது மூவாயிரத்து நூறு. ஐயாயிரத்தை எட்ட வருடக் கடைசியாகும். பிள்ளை பற்றி: ஓரிரு வருடம் வாய்ப்பு மிகக் குறைவு, அதன் பிறகு பெரும்பாலோருக்குத் திரும்புகிறது. ஆயிஷாவிடம் சொன்னேன், இருக்கிற ஒன்றை வளர்த்தால் போதும் என்றார். புற்றுநோய் பற்றி: இதே அளவு பட்டவர்கள் நூறு பேர் என்றால், ரத்தப் புற்று ஒருவருக்கோ இருவருக்கோ வரலாம். மற்றவையும் சேர்த்தால் பத்துப் பேர் வரை, அதுவும் பல வருடம் கழித்து. வராதவர்கள்தான் அதிகம். வருடத்துக்கு ஒருமுறை நானே ரத்தம் பார்ப்பேன். இடது கை எழுத்து ஆறு மாதத்தில் வந்துவிடும் என்கிறார்கள். இப்போதே கையெழுத்துப் போடப் பழகுகிறார், கோழி கிளறியது மாதிரி இருக்கிறது என்று அவரே சிரிக்கிறார்.

சாப்பாடுதான் சிரமம். இடது கையால் சாப்பிட மாட்டேன் என்கிறார். ஸ்பூன் கொடுத்தோம், அதையும் இடது கையால்தானே பிடிக்க வேண்டும் என்கிறார். மார்க்கம் படித்த அஜ்ரத் ஒருவர் வந்து, உடம்புக்கு முடியாதவர்களுக்கு விலக்கு உண்டு என்று எடுத்துச் சொன்னார். தலையாட்டினார், கை மட்டும் போகவில்லை. ஆயிஷா மூன்று வேளையும் ஊட்டுகிறார். வார்டில் மற்றவர்கள் பார்ப்பார்கள் என்று அவர் சுவர் பக்கம் திரும்பி உட்காருகிறார்.

இங்கே சாயங்காலங்களில் மழை பெய்கிறது. ஜோசபின் என்ன சொல்கிறாள்? எழுது.

அக்கா
உர்சுலா

*

கிளமெண்டி
27 ஆகஸ்ட் 1984

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதத்தைப் பல முறை படித்தேன். கபீர் நடந்தான் என்ற வரிக்காகக் கோவிலில் மெழுகுவர்த்தி ஏற்றினேன். கல்யாணத்தைத் தள்ளி வைத்திருக்கிறோம். "மொதல்ல நீங்க போய் அவரப் பாத்துட்டு வாங்க, அப்புறம் எந்த மாசமும் நல்ல மாசந்தான்" என்று ஜோசபினே சொல்லிவிட்டாள். செப்டம்பர் நான்காம் தேதி விமானத்தில் வருகிறேன்.

ரத்தத்துக்கு எண் சொன்னீர்கள், பிள்ளைக்கு, புற்றுநோய்க்கு, கையெழுத்துக்குக்கூடச் சொன்னீர்கள். அந்த மூன்று வாரத்துக்கு மட்டும் ஒரு வரியும் இல்லை. நீங்கள் ஒரு செல்லைக்கூட எண்ணாமல் விடுகிறவர் அல்ல. டாக்டர் ஒன்றும் சொல்லவில்லை என்றால் அப்படியே எழுதியிருப்பீர்கள். சொல்லியிருக்கிறார். ஜூன் கடைசியில் வந்திருந்தால் எத்தனை விரல் மிஞ்சியிருக்கும் என்று அவர் சொன்னது உங்களிடம் இருக்கிறது.

என்னைக் காப்பாற்றத்தான் எழுதாமல் விட்டீர்கள், அக்கா. கபீரைக் காப்பாற்றத்தான் நானும் பெயரை எழுதாமல் இருந்தேன். அதனால் என்ன ஆயிற்று என்று பார்த்துவிட்டோம்.

கடிதத்தில் வேண்டாம். நான் வந்ததும் கபீர் படுக்கைக்குப் பக்கத்தில் மூன்று பேரும் உட்காருவோம். அங்கே, அவன் காது கேட்க, அந்த எண்ணைச் சொல்லுங்கள். போனது அவனுடைய கை. என்னை மன்னிப்பதா வேண்டாமா என்பதை அதைக் கேட்ட பிறகு அவன் முடிவு செய்யட்டும்.

தம்பி
அற்புதராஜ்